நினைவகப் பற்றாக்குறையைச் சுமந்தவர் யார்? – கல்விநிலையப் பொதுக்கணினிகள் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்விநிலையங்களில் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினிகள் எக்காலத்தும் நினைவகப் பற்றாக்குறையோடுதான் இயங்கிவந்தன. 1960களின் நேரப்பகிர்வு அமைப்புகள், 1980களின் பள்ளி நுண்கணினிகள், 1999க்குப் பின் வந்த முனையக் கூடங்கள் ஆகிய மூன்று கட்டங்களில் அப்பற்றாக்குறை கையாளப்பட்ட முறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பற்றாக்குறை நீங்கவில்லை, அதைச் சுமப்பவர் மட்டுமே மாறினார் என்பது கட்டுரையின் கருதுகோள். இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவக அமைப்பைக் கொண்டு, தமிழில் எழுத அப்பொறி கேட்ட விலை கணக்கிடப்படுகிறது. அவ்விலைக்குத் தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை முதன்மைக் காரணமன்று என்பது கணக்கீட்டின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நினைவகம், நேரப்பகிர்வு, பள்ளிக் கணினிக்கூடம், பிபிசி மைக்ரோ, தமிழ்க் கணிமை, முனைய வழங்கி

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இம்மூன்றும் இயங்குவதற்கு இடம் தரும் நினைவகம் பேசப்படுவது குறைவு. ஒரு நிரல் வட்டில் எவ்வளவு காலமும் கிடக்கலாம். இயங்கவேண்டுமெனில் அது முதன்மை நினைவகத்திற்கு வந்தாகவேண்டும். அங்கு இடமில்லையெனில் எழுத்துருவும் குறியேற்றமும் இருந்தும் பயனில்லை.

தனியொருவர் கணினியில் நினைவகம் போதாமற்போனால் அது அவர் ஒருவரின் இடர்ப்பாடு. பள்ளிக் கணினிக்கூடத்தில் அதுவே பங்கீட்டுச் சிக்கலாகிவிடுகிறது. யாருக்கு எவ்வளவு, யார் முதலில், யார் காத்திருப்பது, எந்த மொழியில் எழுதுவது என்னும் வினாக்களுக்கு இயங்குதளமோ பொறியின் வடிவமைப்போ ஒரு விடையை முன்னரே எழுதிவைத்திருக்கிறது. அவ்விடைகளை வரலாற்று வரிசையில் படித்துப்பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறைவைத்து இயங்கிய பொறிகள்

1960களின் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரு கணினி இருப்பதே அரிது. மாணவர் துளையட்டைகளில் நிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பர். ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் தொட்டுப் பயன்படுத்த வழிதேடிய முயற்சிகளுள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்படோ தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பு முதன்மையானது. அதன் முன்னோட்டம் 1961 நவம்பரில் ஐபிஎம் 709 கணினியில் நிகழ்த்திக்காட்டப்பட்டது.

பின்னர் இவ்வமைப்பு இயங்கிய ஐபிஎம் 7090, 7094 கணினிகளில் இரண்டு நினைவக வங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 32,768 சொற்கள் கொள்ளும். இங்குச் 'சொல்' என்பது 36 பிட் அளவுள்ள ஓர் அலகு. இன்றைய அளவையில் ஒரு வங்கி 144 கிலோபைட் ஆகும். ஒன்றில் மேற்பார்வை நிரல் நிலையாகத் தங்கியது. மற்றொன்றில் பயனர்களின் நிரல்கள் முறைவைத்து வந்துபோயின. ஒருவருடைய முறை முடிந்ததும் அவருடைய நிரல் நினைவகத்திலிருந்து வெளியே எழுதப்படும். அடுத்தவருடையது உள்ளே கொணரப்படும். தொடக்கத்தில் இவ்வாறு வெளியேற்றப்பட்ட நிரல்கள் காந்த நாடாக்களில் வைக்கப்பட்டன; பின்னர் உருளையும் வட்டும் அப்பணியை ஏற்றன.

இவ்விடமாற்றத்திற்கும் நேரம் செலவானது. எனவே கோர்படோ குழுவினர் இரண்டு சிக்கனங்களைச் செய்தனர். முதலாவது, உள்ளே வரும் நிரல் சிறியதாயின், இருக்கும் பெரிய நிரலை முழுமையாக வெளியேற்றாமல் தேவையான பகுதியை மட்டும் வெளியேற்றினர். வெங்காயத்தின் தோலைப்போல அடுக்கடுக்காகப் பல நிரல்களின் எச்சங்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் கிடந்தன. இரண்டாவது, நிரலின் அளவைக் கொண்டே அது நிற்கவேண்டிய வரிசையைத் தீர்மானித்தனர். சிறிய நிரல் முன்வரிசையிலும் பெரிய நிரல் பின்வரிசையிலும் தொடங்கின. பின்வரிசைக்கு முறை அரிதாக வரும். வந்தால் நீண்ட நேரம் கிடைக்கும்.

இரண்டாவது ஏற்பாடு தனிக்கவனத்திற்குரியது. இடமாற்றத்திற்கான செலவு நிரலின் அளவைப் பொறுத்தது என்பதால் தொழில்நுட்ப நோக்கில் அது சரியானதே. ஆயினும் அதன் விளைவு சமூகத்தன்மை உடையது. சிறிய பயிற்சி நிரலை எழுதும் தொடக்கநிலை மாணவருக்கு உடனடி விடை கிடைத்தது. பெரிய கணக்கீட்டைச் செய்யும் ஆய்வாளர் காத்திருந்தார். பற்றாக்குறை இங்குக் காத்திருப்பு நேரமாக உருமாற்றப்பட்டு, அளவிற்கேற்பப் பகிரப்பட்டது எனலாம்.

இதே கொள்கையைக் கல்விக் கொள்கையாகவே அறிவித்துச் செயற்பட்டது டார்ட்மத் கல்லூரி. கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோரின் வழிகாட்டலில், மாணவர்களே பெரும்பகுதியை எழுதிய நேரப்பகிர்வு அமைப்பு 1964 மே 1 அன்று முதன்முதலில் பேசிக் நிரல்களை இயக்கியது. ஜிஇ-225 என்னும் கணினி கணக்கிட, டேட்டாநெட்-30 என்னும் பொறி முனையங்களையும் முறைகளையும் கவனித்தது. நூலகத்தில் நூலடுக்குகள் திறந்து கிடப்பதைப்போலக் கணினியும் எல்லா மாணவருக்கும் திறந்திருக்கவேண்டும் என்பது கெமனியின் கருத்து. பேசிக் மொழி சிறு நிரல்களுக்கான எளிய மொழியாக அமைந்ததை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். நினைவகம் குறைவான பொறியில் பலரை உள்ளே விடவேண்டுமெனில், ஒவ்வொருவரும் சிறிதாக எழுதி விரைவில் முடித்துச் செல்லவேண்டும். 1960களின் பிற்பகுதியில் அண்மைப் பள்ளிகள் சிலவும் தொலைபேசிக் கம்பி வழியாக இவ்வமைப்பில் இணைந்தன. அப்பள்ளிகளின் மாணவர் கண்ட 'கணினிக்கூடம்' என்பது ஒரு தட்டச்சு முனையமே; நினைவகம் தொலைவில் இருந்தது.

பக்கங்களும் அவற்றின் எல்லையும்

முழு நிரலையும் உள்ளே கொணர்வதும் வெளியேற்றுவதும் வீண் உழைப்பு என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உணர்ந்திருந்தனர். பெரான்டி நிறுவனத்தோடு இணைந்து அவர்கள் உருவாக்கிய அட்லஸ் கணினி 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் விரைவு நினைவகம் 48 பிட் அளவுள்ள 16,384 சொற்களே. இன்றைய அளவையில் 96 கிலோபைட். அதற்குத் துணையாக ஆறு மடங்கு பெரிய காந்த உருளை இருந்தது. இரண்டையும் ஒரே சேமிப்பகமாக நிரலருக்குக் காட்டியதே அட்லஸின் புதுமை.

நினைவகம் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. நிரல் கேட்கும் பக்கம் உள்ளே இல்லையெனில் பொறியே அதை உருளையிலிருந்து கொணரும். அதற்கென ஓரிடம் எப்போதும் காலியாக வைத்திருக்கப்பட்டது. அவ்விடம் நிரம்பியதும், கடந்தகாலப் பயன்பாட்டைக் கணித்து, நெடுநேரம் தேவைப்படாது எனத் தோன்றும் பக்கம் வெளியேற்றப்படும். நிரலர் தம் நிரலைத் துண்டுகளாக்கி எப்போது எதைக் கொணர்வது எனத் திட்டமிடும் பழைய உழைப்பு இதனால் நீங்கியது. பற்றாக்குறையை மாணவரின் தோளிலிருந்து இயங்குதளம் வாங்கிக்கொண்ட கட்டம் இது.

ஆனால் 1960களின் பிற்பகுதியில் பக்கமுறையைப் பல பயனர்களுக்கு விரித்த அமைப்புகளில் எதிர்பாராத இடர்ப்பாடு தோன்றியது. குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பயனர்களைச் சேர்த்தால் வேகம் சிறிது சிறிதாகக் குறைந்தது. அதற்கு மேல் ஒருவரைச் சேர்த்ததும் அமைப்பு முழுவதும் நிலைகுலைந்தது. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய பக்கத்தைக் கொணர மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்றியது; வெளியேற்றப்பட்ட நிரல் அடுத்த நொடியே அதைத் திரும்பக் கேட்டது. பக்கங்கள் வந்துபோவதிலேயே நேரம் கழிந்தது. கணக்கீடு எதுவும் நடைபெறவில்லை. 'திராஷிங்' எனப்படும் இந்நிலையின் காரணத்தை பீட்டர் டென்னிங் 1968இல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் தெளிவாக்கினார்.

அவருடைய விளக்கம் எளியது. ஒரு நிரல் எந்தச் சிறு காலப்பகுதியிலும் தன் பக்கங்கள் அனைத்தையும் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட தொகுதியையே மீண்டும் மீண்டும் தொடுகிறது. அத்தொகுதி முழுவதும் நினைவகத்தில் இருந்தால் நிரல் இயங்கும். அதில் ஒரு பகுதி குறைந்தாலும் இயக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே எல்லா நிரல்களின் செயல்தொகுதிகளும் ஒருங்கே அடங்காதபோது, எல்லாருக்கும் சிறிது சிறிதாகக் கொடுப்பது தீர்வாகாது. சிலரை முழுமையாக நிறுத்திவைத்து, மற்றவருக்கு முழுத்தேவையையும் கொடுப்பதே தீர்வு.

ஏரிப்பாசனத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்கு நீர் சேராது. தலைமடையும் முழுதாக நனையாது. முறைவைத்துப் பாய்ச்சுவதும், பயிரிடும் பரப்பைக் குறைப்பதும் அதனால்தான். டென்னிங்கின் முடிவு கணினிக்கூடத்திற்குச் சொல்வதும் இதுவே: நினைவகத்தைச் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றலாம், ஒரு வரம்பிற்குக் கீழே அது அனைவரையும் ஒருசேரப் பட்டினி போடுவதாகும்.

ஒருவருக்கு ஒரு பொறி

1970களின் இறுதியில் வந்த நுண்கணினிகள் இச்சிக்கலை வேறொரு வகையில் மாற்றியமைத்தன. நினைவகம் இனிப் பொதுவன்று. ஒவ்வொரு பொறிக்கும் தனி. பகிர்வு நேரத்தில் மட்டுமே நிகழ்ந்தது. ஒரு வகுப்பு எழுந்துபோனால் அடுத்த வகுப்பு அதே பொறிகளில் அமர்ந்தது.

பள்ளிக்கென உருவாக்கப்பட்ட நுண்கணினிகளுள் குறிப்பிடத்தக்கது பிபிசி மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினியறிவுத் திட்டத்திற்காக ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த இக்கணினி 1981 டிசம்பரில் வெளிவந்தது. இதன் 'பி' வகையில் 32 கிலோபைட், அதாவது 32,768 பைட், நினைவகம் இருந்தது. இயங்குதளமும் பேசிக் மொழியும் அழியாநினைவகத்தில் தனியே இருந்தமையால் இவ்விடத்தை அவை முழுதாகப் பிடிக்கவில்லை. ஆயினும் திரையின் படிமமும் மாணவரின் நிரலும் இதே 32 கிலோபைட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்பங்கீட்டை மாணவரே செய்தார். 0, 1, 2 ஆகிய திரைமுறைகள் நுண்ணிய வரைபடத்தையோ பல வண்ணங்களையோ தந்தன. ஒவ்வொன்றும் 20 கிலோபைட் கேட்டது. திரைமுறை 4க்கு 10 கிலோபைட், எழுத்துக்கு மட்டுமான திரைமுறை 6க்கு 8 கிலோபைட். திரைமுறை 7 ஒரே ஒரு கிலோபைட்டில் முடிந்தது. நினைவகத்தின் அடியில் இயங்குதளத்தின் பணியிடம் இருந்தது. வட்டு இணைத்த பொறியில் அது 6,400 பைட் வரை நீண்டது. ஆகவே வட்டுள்ள பொறியில் திரைமுறை 7ஐத் தேர்ந்த மாணவருக்கு நிரலுக்கும் தரவுக்குமாக 25,344 பைட் கிடைத்தது. திரைமுறை 2ஐத் தேர்ந்தவருக்கு 5,888 பைட் மட்டுமே.

நேரப்பகிர்வு அமைப்பில் மேற்பார்வை நிரல் செய்த முடிவு இங்கு மாணவரின் கைக்கு வந்துவிட்டதைக் காணலாம். அதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பொறியின் உள்ளமைப்பை மாணவர் கண்கூடாகக் கற்றார். ஒரு பைட்டின் மதிப்பை உணர்ந்தார். மறுபுறம், பேசிக் நிரலில் எழுதப்படும் விளக்கக் குறிப்பின் ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தைத் தின்றது. இடைவெளியும் தின்றது, நீண்ட மாறிப்பெயரும் தின்றது. ஓரெழுத்துப் பெயர் கொண்ட 26 முழுவெண் மாறிகளுக்கு மட்டும் நிலையான இடம் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. நிரல் பெரிதானால் விளக்கக் குறிப்புகளை நீக்குவதும், பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்குவதும், நிரலைத் துண்டுகளாக்கி ஒன்றன்பின் ஒன்றாக வட்டிலிருந்து அழைப்பதும் வழக்கமான உத்திகளாயின. ஆசிரியர் வகுப்பறையில் தெளிவாக எழுதக் கற்பித்தார். பொறி சுருக்கி எழுதக் கற்பித்தது. பற்றாக்குறை இக்கட்டத்தில் காத்திருப்பாக வெளிப்படவில்லை; நிரல்நடையின் சிதைவாக வெளிப்பட்டது.

ஏக்கார்னின் ஈக்கோநெட் வலையமைப்பு ஒரு கூடத்தின் பொறிகள் அனைத்தையும் ஒரே கோப்பு வழங்கியோடு இணைத்தது. விலையுயர்ந்த வட்டு அதனால் பொதுவாயிற்று. நினைவகம் தனித்தே இருந்தது. அருகிலுள்ள பொறியில் 20 கிலோபைட் வெறுமையாகக் கிடந்தாலும் இடம் போதாத மாணவரால் அதைக் கடன்வாங்க இயலாது. நேரப்பகிர்வு அமைப்பில் ஒருவர் ஓய்ந்திருக்கும்போது அவரிடம் மற்றவருக்குக் கிடைத்தது. நுண்கணினிக்கூடத்தில் அவ்வாய்ப்பு இல்லை.

கிளாஸ் திட்டமும் தமிழ் எழுத்தின் விலையும்

இந்தியாவில் பள்ளிகளுக்கான கணினியறிவுத் திட்டமாகிய 'கிளாஸ்' 1984-85இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதற்குத் தெரிவுசெய்யப்பட்ட பொறி பிபிசி மைக்ரோவே. 12,000 பொறிகள் மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டதாக நடுவண் அரசின் ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. எட்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இது நடுவணரசு நிதியுதவித் திட்டமாக விரிவாக்கப்பட்டது.

இப்பொறியில் தமிழில் எழுத என்ன விலை தரவேண்டியிருந்தது என்பதை அதன் நினைவக அமைப்பைக் கொண்டே கணக்கிடலாம். பிபிசி மைக்ரோவில் பயனர் தாமே எழுத்துருக்களை வரையறுக்க வழியுண்டு. ஓர் எழுத்து 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் கொண்ட கட்டம்; அதற்கு 8 பைட் தேவை. இயல்பாக 32 எழுத்துகளுக்கு, அதாவது 256 பைட்டுக்கு, இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கூடுதலாக வேண்டுமெனில் ஒவ்வொரு 32 எழுத்துக்கும் 256 பைட் மாணவரின் நிரலிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும்.

தமிழுக்கு எத்தனை வடிவங்கள் வேண்டும்? உயிரெழுத்துகளில் ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதலாம் என்பதால் 11 போதும். ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18. புள்ளி பெற்ற மெய் 18. உகர, ஊகார உயிர்மெய்கள் தனித்தனி வடிவம் உடையவையாதலால் 36. கால், கொம்புகள், ஐகாரக் குறி, இகர ஈகார விசிறிகள் என 6. 'டி', 'டீ' ஆகிய 2. ஆக மொத்தம் 92. மூன்று தொகுதிகளில் 96 இடங்கள் கிடைக்கும் என்பதால் இவை அடங்கிவிடும். எஞ்சும் நான்கு இடங்கள் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கிற்கும் சரியாகப் பொருந்தும். அவற்றின் புள்ளி வடிவங்களுக்கு இடமில்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இங்கு நேரடியாகப் பயன்படுவது கவனிக்கத்தக்கது. அதற்கு முன்பு வழங்கிய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் ஏழையும் தனித்தனியே சேர்த்தால் எண்ணிக்கை 99 ஆகி, மூன்று தொகுதிகளைக் கடந்துவிடும்.

ஆக, தமிழ் எழுத்துவடிவங்களுக்காக மாணவர் கூடுதலாக இழப்பது 512 பைட் மட்டுமே. உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. சிக்கனமான திரைமுறை 7இல் எழுத்துவடிவங்கள் நினைவகத்தில் இல்லை. தொலைக்காட்சி எழுத்துச்சேவைக்காகச் செய்யப்பட்ட ஒரு தனிச் சில்லில் அவை நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அச்சில்லை மாற்றி எழுதப் பயனரால் இயலாது. ஆகவே தமிழில் எழுத விரும்புபவர் அத்திரைமுறையையே கைவிட்டு, குறைந்தது திரைமுறை 6க்குச் செல்லவேண்டும். 1 கிலோபைட்டில் முடிந்த திரை அங்கு 8 கிலோபைட் கேட்கும்.

கணக்கு வருமாறு: திரைமுறை 7இல் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 25,344 பைட். திரைமுறை 6இல் தமிழில் எழுதுபவருக்கு 17,664 பைட். இழப்பு 7,680 பைட். நிரலிடத்தில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு. இவ்விழப்பில் எழுத்துவடிவங்களின் பங்கு 512 பைட், அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. எஞ்சிய பதினான்கு பங்கும், மலிவான திரை ஒரே எழுத்துமுறைக்கென வன்பொருளில் கட்டப்பட்டிருந்ததன் விலை. ண, ஞ முதலிய அகன்ற எழுத்துகளை 8 புள்ளிக்குள் அடக்காமல் இரு கட்டங்களாக விரித்து மேலும் ஒரு தொகுதியை ஒதுக்கினாலும் கூடுதல் செலவு 256 பைட்டே. விகிதம் பெரிதும் மாறாது.

தமிழ் எழுத்துகள் மிகுதி. ஆதலால் கணினிக்கு அது சுமை என்னும் வாதம் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. குறைந்தபட்சம் இப்பொறியைப் பொறுத்தவரை அவ்வாதம் பொருந்தவில்லை. வரைபடத்திற்காக ஏற்கெனவே திரைமுறை 4ஐத் தேர்ந்த மாணவருக்குத் தமிழ் கேட்ட கூடுதல் விலை 16,128 பைட்டில் 512 மட்டுமே. எழுத்துவடிவம் சில்லில் உறைந்திருக்கும்போதுதான் மொழி விலையுயர்ந்ததாகிறது. அது நினைவகத்தில் நெகிழ்வாக இருக்கும்போது விலை சிறிதே. ஐஐடி கான்பூரில் தோன்றிப் பின்னர் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' அட்டை இந்திய எழுத்துகளுக்கான பணியைக் கணினியில் செருகும் தனி வன்பொருளிடம் ஒப்படைத்தது. சுமையைப் பயனரின் நிரலிடத்திலிருந்து வெளியே நகர்த்தும் வழியாக அதைக் கருதலாம்.

மீண்டும் பொதுநினைவகம்

1999இல் ஜேம்ஸ் மெக்குயில்லன் தொடங்கிய லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம், டார்ட்மத்தின் பழைய அமைப்பைப் புதிய உருவில் பள்ளிக்குக் கொணர்ந்தது. வட்டில்லாத பழைய கணினிகள் வலையமைப்பின் வழியே இயங்கத் தொடங்கும். நிரல்கள் அனைத்தும் ஒரே வழங்கியின் நினைவகத்தில் இயங்கும். மாணவரின் முன் உள்ள பொறி திரையையும் விசைப்பலகையையும் மட்டும் கவனிக்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பள்ளிகளுக்கென்றே இதன் ஒரு வடிவம் உருவாக்கப்பட்டது. புதிய கணினி வாங்க வசதியில்லாத பள்ளிகளுக்கு இது பெருந்துணையாயிற்று.

இத்திட்டத்தின் கையேடு நினைவகத் தேவைக்கு ஒரு வாய்பாடு தந்தது: 256 மெகாபைட்டோடு, பயனர் ஒருவருக்கு 192 மெகாபைட் கூட்டுக. இருபது முனையங்களுக்கு 4,096 மெகாபைட். வாய்பாட்டின் இரு உறுப்புகளும் பொருள் பொதிந்தவை. முதல் உறுப்பு எத்தனை பேர் வந்தாலும் மாறாத அடிப்படைச் செலவு. இரண்டாவது ஒவ்வொருவரின் தனிச்செலவு. ஒரே சொற்செயலியை இருபது பேர் திறந்தாலும் அதன் நிரற்பகுதி நினைவகத்தில் ஒருமுறையே தங்கும். ஒவ்வொருவரின் ஆவணமும் மாறும் தரவுமே தனித்தனியே இடம் பிடிக்கும். இருபது தனிக்கணினிகள் இருபது படிகளை வைத்திருக்க, வழங்கி ஒரு படியோடு முடித்துக்கொள்கிறது.

இதே வாய்பாட்டைத் திருப்பிப் படித்தால் எல்லையும் தெரியும். 2,048 மெகாபைட் உள்ள வழங்கியில் ஒன்பது பேருக்கு மேல் அமர இயலாது. இருபது பேரை அமர்த்தினால் டென்னிங் 1968இல் விளக்கிய நிலை அப்படியே நேரும். அத்துடன் புதிய இடர் ஒன்றும் சேர்ந்தது. நினைவகம் முற்றிலும் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் பெறும். பெரும்பாலும் மிகுதியான நினைவகம் பிடித்திருக்கும் நிரலே அதற்கு இலக்காகும். ஆயினும் அது யாருடைய நிரல், அவர் எழுதிக்கொண்டிருந்தது என்ன என்பதைக் கெர்னல் அறியாது. ஒருவர் உலாவியில் பல பக்கங்களைத் திறந்துவைக்க, மற்றொருவரின் சேமிக்கப்படாத கட்டுரை மறைந்துபோகலாம். இங்குப் பற்றாக்குறை இழப்பாக வெளிப்படுகிறது. அவ்விழப்பு காரணமானவரையே சேரும் என்னும் உறுதியும் இல்லை.

இதற்கான தீர்வுகள் புதியவை அல்ல. பழைய தீர்வுகளின் மறுவடிவங்களே. 2008இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த நினைவகக் கட்டுப்பாட்டு வசதி, ஒவ்வொரு பயனர் குழுவிற்கும் தனி உச்சவரம்பு விதிக்க இடந்தந்தது. ஒருவர் வரம்பை மீறினால் விளைவு அவருக்குள்ளேயே அடங்கும். 2014இல் கெர்னலின் நிலையான பகுதியான 'இசட்ரேம்', பயன்படாத பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே சுருக்கி வைத்தது. இவற்றுள் முதலாவது பங்கீட்டு விதி, இரண்டாவது சிக்கனம். சிக்கனம் எல்லையைச் சிறிது தள்ளிவைக்கும். பங்கீட்டு விதியின் தேவையை அது நீக்குவதில்லை.

தமிழ் எழுத்தின் விலையும் இக்கட்டத்தில் மாறியது. 2010 கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 'டேஸ்16' குறியேற்றத்தையும் ஏற்றது. அதற்கு முன் நிகழ்ந்த விவாதத்தில் இடச்சிக்கனமும் ஒரு வாதமாக இருந்தது. 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். 'டேஸ்16' முறையில் மூன்று எழுத்துகளுக்கு 6 பைட். வேறுபாடு மெய்யானது. ஆனால் 192 மெகாபைட் கொண்ட மாணவர் பங்கில், ஒரு முழு நூலின் உரையே சிறு துளி. மேலும் வழங்கியில் எழுத்துருக் கோப்பும் எழுத்துகளைக் கோக்கும் நிரற்பகுதியும் பெரும்பாலும் பொதுவாகவே தங்கும். பிபிசி மைக்ரோவில் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே செலுத்திய மொழிக்கட்டணம், வழங்கியில் வாய்பாட்டின் முதல் உறுப்பிற்கு நகர்ந்துவிட்டது. தமிழில் எழுதுபவர் தம் பங்கிலிருந்து அதைச் செலுத்த வேண்டியதில்லை.

முடிவுரை

இவ்வாய்வில் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கல்விநிலையக் கணினிகளில் நினைவகப் பற்றாக்குறை உருமாறிக்கொண்டே வந்துள்ளது. நேரப்பகிர்வில் அது காத்திருப்பு. நுண்கணினியில் சுருங்கிய நிரல். முனைய வழங்கியில் திடீர் இழப்பு. நினைவகம் பல்லாயிரம் மடங்கு பெருகிய பின்னும் பங்கீட்டு வினா மறையவில்லை. இடம் பெருகப் பெருக நிரல்களும் பெருகின.

இரண்டாவது, சமப்பங்கீடு எப்போதும் நியாயமான பங்கீடாகாது. செயல்தொகுதியின் அளவிற்குக் கீழே தரப்படும் பங்கு தராமைக்கு ஒப்பானது. பதினைந்து பேரை அமர்த்த இயலாத கூடத்தில் ஒன்பது பேரை அமர்த்தி, எஞ்சியோருக்கு அடுத்த பாடவேளையை உறுதிசெய்வதே மாணவர் அனைவருக்கும் கணினியைத் தரும் வழி. இம்முடிவை ஆசிரியர் வெளிப்படையாக எடுக்காவிடில் இயங்குதளம் மறைவாக எடுத்துவிடும்.

மூன்றாவது, நினைவக அமைப்பு மொழிகளிடையே நடுநிலையானதன்று. 32 கிலோபைட் பொறியில் தமிழ் மாணவர் முப்பது விழுக்காடு நிரலிடத்தை இழக்கவேண்டியிருந்ததற்குத் தமிழின் எழுத்துப் பெருக்கம் காரணமன்று. எழுத்துவடிவத்தை வன்பொருளில் உறையவைத்த வடிவமைப்பே காரணம். தமிழ்க் கணிமை வரலாற்றை எழுதுவோர் குறியேற்ற அட்டவணைகளோடு நினைவக வரைபடங்களையும் சான்றாகக் கொள்ளவேண்டும். எந்த மொழியில், எவ்வளவு நீளமாக, எத்தனை பேர் எழுதலாம் என்பதைப் பாடத்திட்டத்திற்கு முன்னரே அவ்வரைபடங்கள் வகுத்துவைத்திருந்தன.